பற்றரி இல்லாமல் ஓடிய வீடு

வெளிநாடுகளில் 'மோட்டார் வீடு' என்று ஒரு வாகனம் இருக்கு. வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம். பழைய ஒன்றை மலிவாக வாங்கி, ஒழுகுற கூரையைத் தாங்களே அடைத்து, எஞ்சினையும் தாங்களே திருத்தி ஊர் சுற்றுகிற ஆக்களின் வீடியோக்களை நாங்களும் பார்த்திருக்கிறோம். பார்க்க ஆசையாத்தான் இருக்கும். ஆனா மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், எங்கட சனமும் சக்கரம் பூட்டிய வீட்டில் இருந்திருக்கு. அதையும் தங்கட கையாலதான் திருத்தியிருக்கு. ஆசைப்பட்டு இல்லை, வேற வழியில்லாமல்.

அந்த வீடு உழவு மெசின். டிரக்டரை நாங்கள் மெசின் என்போம், பின்னால் கொளுவும் ட்ரெய்லரைப் பெட்டி என்போம். எங்கட வயல்களில் உழைத்த மெசின்களில் ஒன்று மெஸி பெர்கசன் 135. 1964 இறுதியில் வெளிவந்து, 1975 வரை இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் செய்யப்பட்டது. மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. புதிசு வாங்க ஏலாது, உதிரிப்பாகமும் அரிது. பழசைத் திருத்தித் திருத்திப் பாவிக்க வேண்டியிருந்தது.

1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியதும் அந்தப் பழக்கம் உயிர்ப் பிரச்சினையானது. பட்டினமும் எழுவான்கரையும் இராணுவத்திடம், படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடம். நடுவில் வாவியும் சோதனைச் சாவடிகளும். எரிபொருளையும் பற்றரியையும் நினைத்தபடி கொண்டுபோக முடியாது.

யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய கதை எல்லாருக்கும் தெரியும். படுவான்கரையின் கதை வேற. டீசல் எஞ்சினுக்குப் பற்றவைக்கத் தீப்பொறி தேவையில்லை. சிலிண்டருக்குள் காற்றை இறுக்க அது சூடாகும், அதில் டீசலைப் பீச்சினால் தானாகவே பற்றும். சுழற்றிவிட மட்டும்தான் பற்றரி வேணும். பற்றரி இல்லையா? இரவில் மெசினைக் குளக்கட்டுச் சரிவில் முகம் கீழே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைக்கலாம். காலையில் கல்லை எடுத்து, கியரில் போட்டு, கிளச்சை மிதித்தபடி உருட்டி, வேகம் பிடித்ததும் காலை எடுத்தால் எஞ்சின் பிடிக்கும்.

டீசல் கடைசிச் சொட்டு வரை ஓடித் தீர்ந்தால் குழாய்க்குள் காற்று போய்விடும். அப்புறம் டீசல் ஊற்றினாலும் ஸ்டார்ட் ஆகாது. பில்டரிலும் பம்பிலும் உள்ள சின்னப் போல்ட்டுகளைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நின்றதும் இறுக்க வேணும். இதுதான் 'எயார் எடுக்கிறது'. ஒயில் கசிந்தால் காட்போட் மட்டையை அளவாக வெட்டி, கிறீஸ் பூசிக் கஸ்கட்டாக வைக்கலாம். ஆனா சிலிண்டர் தலைக்கு மட்டை தாங்காது.

2007 மார்ச்சில் படுவான்கரை சனம் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்தது. அரிசி மூடை, பானை, கோழி, நடக்க ஏலாத கிழவி, எல்லாம் பெட்டிக்குள். மேலே தறப்பாள். எங்களில் ஒருத்திக்கு அப்ப நாலு வயசு. பெட்டிக்கு அடியில் படுத்ததும், மேலே தெரிந்த கறுத்த அச்சும், கிறீஸ் மணமும்தான் அவவின் முதல் ஞாபகம். அவவின் அம்மப்பா சொல்வார்: "மெசின் நிண்டா சனமும் நிக்கும் புள்ள. அதான் ஸ்பெனர்ப் பைய தலமாட்டில வெச்சிப் படுத்தன்."

இதை 'எங்கட ஆக்களின் கெட்டித்தனம்' என்று புகழ்ந்துவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. மெசின் இல்லாதவர்கள் நடந்தார்கள். திருத்தும் வேலையைப் பெரும்பாலும் ஆம்பிளைகளுக்குத்தான் பழக்கினார்கள். அந்த ஆம்பிளைகள் காணாமல் போன வீடுகளில் என்ன நடந்தது? நாங்கள் படிக்கிற வந்தாறுமூலை வளாகம் 1990இல் அகதி முகாம். அந்த வருசம் செப்டம்பர் 5ஆம் திகதி இராணுவம் இங்கிருந்து 158 பேரைக் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவில்லை. அவர்களில் எத்தனை பேரின் கையில் இந்த வேலை இருந்தது, எத்தனை வீட்டு முற்றத்தில் மெசின் துருப்பிடித்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சண்டை நடந்த திகதியும் முகாம் கணக்கும் அறிக்கைகளில் இருக்கு. இந்த அறிவு இல்லை.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின், முன்பு 'பாதை'யில் ஏறி மிதந்து கடந்த வாவியை இப்ப சில நிமிசத்தில் கடக்கிறோம். ஆனா கதவு மறுபடி மூடாது என்றில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. 2022இல் எரிபொருள் வரிசையில் நாங்களே நின்றோம். அப்பவும் பழசைத் திருத்தத் தெரிந்தவரைத்தான் ஊர் தேடியது.

வீட்டில் அப்படியொருவர் இருந்தால் போய்க் கேளுங்க, போனில் பதிவு செய்யுங்க. கேட்பதோடு நிற்காமல் ஸ்பெனரையும் வாங்கிப் பிடியுங்க, முக்கியமாகப் பொம்பிளைப் பிள்ளைகள். போன விடுமுறையில் எங்கட தோழி எயார் எடுக்கப் பழகினா. முதல் தடவை ஒரு போல்ட்டை இறுக்க மறந்து டீசல் முகத்தில் அடித்தது. அம்மப்பா சிரிக்கவில்லை. "திரும்பச் செய் புள்ள" என்றார்.