கள்ளுக் காசும் கம்பெனி லாபமும்

ஓர் அரசாங்கத்தின் யோக்கியதையை அறிய அதன் சட்டப் புத்தகங்களையெல்லாம் புரட்ட வேண்டியதில்லை. அது யாரிடம் வரி வாங்குகிறது, யாரை வாங்காமல் விடுகிறது என்று பார்த்தால் போதும். பெருங் கம்பெனிகளும் செல்வர்களும் வரியினின்று நழுவுவதைக் கணக்கர்கள் புதிதாகக் கண்டெடுத்த வித்தையென்று பலர் எண்ணுகின்றனர். மலாயாவின் சரித்திரம் வேறு கதை சொல்கிறது. இங்கே பணம் படைத்தோர் வருமான வரிச் சட்டத்தின் சந்துகளில் நுழைந்து தப்பவில்லை. அச் சட்டமே நிலைபெறாதபடி ஏறத்தாழ 90 ஆண்டுகள் தடுத்து வந்தனர்.

1860-ல் இந்தியாவில் ஜேம்ஸ் வில்சன் வருமான வரியைப் புகுத்தினார். அந்நாளில் பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் கல்கத்தாவின் ஆட்சிக்கு உட்பட்டவை. அவ்வரி இங்கும் வருமோ என்று அஞ்சிய வியாபாரிகள் கூக்குரலிட்டனர்; வரி வரவில்லை. அப்படியானால் சர்க்கார் எதைக் கொண்டு நடந்தது? அபின், சாராயம், அடகுக்கடை ஆகியவற்றைக் குத்தகைக்கு விட்டு நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்ற நாடுகளின் வருமானத்தில் சுமார் பாதி அபினிலிருந்தே வந்தது. கோலாலம்பூரிலும் அபின் குத்தகை பெரும் வருவாயாக விளங்கிற்று. ஈயச் சுரங்கத்தில் உழைத்துக் களைத்த சீனக் கூலியின் புகைக்குழாயே அரசாங்கக் கஜானாவின் திறவுகோல்!

1910-ஆம் ஆண்டை நாம் மறக்கலாகாது. ரப்பர் விலை வானளாவ ஏறிய ஆண்டு அது. சிலாங்கூர்த் தோட்டக் கம்பெனிகளில் சில, போட்ட முதலைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் ஒரே ஆண்டில் லாபப்பங்காக வழங்கின. அபினைக் குறைக்க வேண்டுமென்ற குரல் வலுத்திருந்தமையால், ஈடு தேடிய நீரிணை சர்க்கார் அதே ஆண்டில் வருமான வரித் திட்டமொன்றைக் கொணர்ந்தது. தோட்டக் கம்பெனிகளின் ஏஜென்சி மாளிகைகள் வீற்றிருந்த சிங்கப்பூரில் எதிர்ப்பு மூண்டது, திட்டம் கைவிடப்பட்டது. அபின் வியாபாரத்தையோ சர்க்காரே தன் ஏகபோகமாக ஏற்று நடத்தலாயிற்று.

முதல் மகாயுத்தச் செலவுக்காக 1917-ல் போர் வரி வந்தது. 1922-ல் வருமான வரி மீண்டும் மறைந்தது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். லண்டனிலிருந்து நடத்தப்பட்ட கம்பெனிகள், கிள்ளானில் விளைந்த லாபத்திற்கு இங்கிலாந்தில் வரி கட்டியே வந்தன. 1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பேரரசின் வேறொரு நாட்டில் வருமான வரி செலுத்தியவருக்கு லண்டன் வரியில் ஒரு பகுதி கழிவும் உண்டு. ஆகவே மலாயா வரி கேட்டிருந்தால் அக்கம்பெனிகளுக்கு நேரக்கூடிய புதுச் சுமை பெரிதன்று. கேளாமையினால் நேர்ந்தது யாதெனில், நம் மண்ணின் லாபத்தில் கிடைத்திருக்கக்கூடிய பங்கும் கப்பலேறிற்று. ஏற்றுமதித் தீர்வையே இங்குத் தங்கிற்று.

தோட்டத்துத் தமிழன் யாது கொடுத்தான்? அரை வெள்ளி அளவில் நின்ற நாட்கூலியிலிருந்து கள்ளுக்கடையில் கொடுத்தான். அக்கடை சர்க்கார் அனுமதி பெற்றது. அனுமதிப் பணமும் கலால் தீர்வையும் அவன் கோப்பையிலிருந்தே வடிந்தன. அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமோ, 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி தோட்டத்தின் பொறுப்பாக விடப்பட்டது. பல இடங்களில் அது ஒரு கொட்டகைக்கு மேல் உயரவில்லை.

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டுமென்றும் கோரினர். தங்களைக் கெடுத்துக் கஜானாவை நிரப்பும் வருவாய் வேண்டாமென்று ஏழைகள் சொன்ன சொல் அது! விடையாக வந்தது துருப்பு. நாதன் நாடுகடத்தப்பட்டார். அதே ஆண்டில் யுத்தச் செலவுக்காகப் போர் வரி மீண்டும் வந்தது. ஜப்பானியர் படையெடுப்பில் அதுவும் மறைந்தது.

யுத்தம் முடிந்தபின் ஹீஸ்மன் என்பார் தயாரித்த அறிக்கையைக் கொண்டு 1947-ல் வருமான வரிச் சட்டம் வந்தது. ஆலோசனைச் சபைகளில் எதிர்ப்புக் கடுமையாக இருந்தமையால், மலாயாவில் கவர்னர் கெண்டும் சிங்கப்பூரில் கவர்னர் கிம்சனும் தங்கள் தனியதிகாரத்தைக் கொண்டே அதை நிறைவேற்றினர். 1948 முதல் வரி நடைமுறைக்கு வந்தது. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரியா என்ற வாதம் அப்போது எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அபின் புகைத்தவனுக்கும் கள்ளுக் குடித்தவனுக்கும் எந்தச் சபையில் பிரதிநிதி இருந்தான்? அவர்களிடம் வாங்கியபோது அக்கேள்வியை அச்சீமான்கள் கேட்டதுண்டா?

சட்டம் பிறந்தபின் நழுவும் வழி மாறிற்று. வருமானத்தை மறைப்பது வரி ஏய்ப்பு, அது குற்றம். சட்டத்தின் சொல்லுக்கு உட்பட்டே அதன் கருத்தை வெல்லுவது வரி தவிர்ப்பு. வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு தம் தோட்டக்காரனுக்குக் கொடுத்த ஊதியத்தை உடன்படிக்கைப் பணமாக எழுதிவைத்து மேல்வரியைக் குறைத்துக்கொண்டார். 1935-ல் இங்கிலாந்தின் உயர்ந்த நீதிமன்றம் அது செல்லும் என்றது. தோட்டக்காரனுக்கு அவ்வித்தை உண்டா? இன்றும் மாதச் சம்பளக்காரனின் வரி, பணம் கைக்கு வருமுன்னரே பிடிக்கப்படுகிறது.

நம் நாடும் இதற்கு விலக்கன்று. 1990-ல் லாபுவான் கடல்கடந்த நிதி மையமாக்கப்பட்டது. அங்கே வாணிபம் செய்யும் கம்பெனி லாபத்தில் 100-க்கு 3 கட்டலாம்; அல்லது எவ்வளவு லாபமானாலும் 20,000 வெள்ளி கட்டிவிட்டுப் போகலாம். இந்த இரண்டாம் வழி 2019-ல்தான் அடைக்கப்பட்டது. 1991-ல் செல்வர் விட்டுச்சென்ற சொத்தின்மீதான மரண வரி ஒழிக்கப்பட்டது. 2015-ல் 100-க்கு 6 வீதம் பொருள் சேவை வரி வந்தது. சில அத்தியாவசியப் பொருள்கள் நீங்கலாக, பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் சாமான் வாங்கிய கூலிக்காரரும் கோடீசுவரரும் ஒரே வீதத்தில் கட்டினர். 2018-ல் அது நீங்கி விற்பனை, சேவை வரிகள் திரும்பின.

நன்மையும் நடந்திருக்கிறது. 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 140-ஆம் பிரிவு, வரியைத் தவிர்ப்பதற்கென்றே செய்த ஏற்பாட்டைப் புறக்கணிக்கும் அதிகாரத்தை வரித் தலைமை இயக்குநருக்கு அளிக்கிறது. பன்னாட்டுப் பெருங் கம்பெனிகள் 100-க்கு 15-க்குக் குறையாமல் கட்டவேண்டுமென்ற ஏற்பாடும் 2025-ல் மலேசியாவில் நடப்புக்கு வந்தது. இவையெல்லாம் கேட்டதனால் வந்தவை.

தோழர்களே! வரவு செலவுத் திட்டம் படித்தவர் சங்கதியென்று ஒதுக்காதீர்கள். ஒருவர் கட்டாத வரியை மற்றொருவர் கட்டியே தீரவேண்டும். அல்லது ஒரு பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ அதை இழந்தே தீரவேண்டும். நம் பாட்டன்மார் தெரியாமலே கட்டினர். நாமாவது தெரிந்து கட்டுவோம். கட்டாதவர் யார் என்றும் கேட்போம்.