ஒரு சின்னப் பிரச்னை!

விமானத்தில் ஏறியதும் வாசலில் நின்று புன்னகையோடு வணக்கம் சொல்லும் பணிப்பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேலை எதற்காக உருவானது தெரியுமா? காபி கொடுப்பதற்காக அல்ல. உங்கள் பயத்தைப் போக்குவதற்காக!

1930. அமெரிக்காவில் எலன் சர்ச் என்று ஒரு நர்ஸ். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டவர். போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் போய் வேலை கேட்டார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு பைலட் வேலையாவது! எலன் சளைக்கவில்லை. 'சரி, பயணிகளைக் கவனித்துக்கொள்ள நர்ஸ்களை வேலைக்கு வையுங்களேன்' என்று ஒரு யோசனை சொன்னார். ஒரு பெண்ணே அமைதியாக விமானத்துக்குள் நடமாடுவதைப் பார்த்தால், எந்த ஆண்பிள்ளை 'எனக்குப் பயமாயிருக்கு' என்று வாய்விட்டுச் சொல்வான்? யோசனை பலித்தது. எட்டு நர்ஸ்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாக எலன் கிளம்பிய நாள் 1930 மே 15. கலிஃபோர்னியாவிலிருந்து சிகாகோவுக்குப் போய்ச் சேர சுமார் 20 மணி நேரம். நடுவில் 13 இடங்களில் நின்று நின்று, கிட்டத்தட்ட நம்ம ஊர் பாசஞ்சர் ரயில் மாதிரி!

ஆக, விமானப் பயணத்துக்கும் பயத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல.

பயந்தவர்கள் சாமானியர்களும் அல்ல. கோடிக்கணக்கான மக்களை நடுநடுங்க வைத்த ஸ்டாலினுக்கு விமானம் என்றால் ஆகாது. 1943-ல் டெஹ்ரான் மாநாட்டுக்கு வேறு வழியில்லாமல் பறந்தார். 1945-ல் பாட்ஸ்டாம் மாநாட்டுக்கு 'ஆளை விடு' என்று ரயிலில் போய் இறங்கினார்! ஐசக் அஸிமோவ் தன் கதைகளில் மனிதர்களை நட்சத்திரம் நட்சத்திரமாக அனுப்பியவர். அவர் வாழ்நாளில் விமானத்தில் ஏறியது இரண்டே தடவை.

ஏன் இந்தப் பயம்? சாலையில் போவதைவிட விமானத்தில் போவது எவ்வளவோ பத்திரம் என்று புள்ளிவிவரம் சொல்கிறது. நமக்கும் அது தெரியும். ஆனால் புள்ளிவிவரம் மூளைக்குத்தான் எட்டுகிறது, வயிற்றுக்குள் உருளும் பந்துக்கு எட்டுவதில்லை! ஆட்டோவில் போனால், 'கொஞ்சம் மெதுவா போப்பா' என்று டிரைவரிடம் சொல்லலாம். பிடிக்கவில்லையென்றால் இறங்கிக்கொள்ளலாம். 37,000 அடி உயரத்தில் யாரிடம் சொல்வது, எங்கே இறங்குவது? நம் உயிர் முகம் தெரியாத இரண்டு பேர் கையில். அந்தக் கையாலாகாத்தனம்தான் பயத்தின் வேர். அதன் உச்சியில் ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது: 'நடுவானில் என்ஜின் நின்றுவிட்டால்?'

ஒரு என்ஜின் அல்ல, நான்கு என்ஜின்களும் ஒரே நேரத்தில் நின்றுபோன கதை ஒன்று உண்டு.

1982 ஜூன் 24, இரவு. பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஒன்பதாம் எண் விமானம், போயிங் 747 ஜம்போ. லண்டனில் கிளம்பி பம்பாய், கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே 248 பயணிகள், 15 ஊழியர்கள். கேப்டன் பெயர் எரிக் மூடி. இந்தோனேஷியாவின் ஜாவா தீவைத் தாண்டி, இந்தியப் பெருங்கடல் மேலே பறக்கும்போது வானம் தெளிவாக இருந்தது. ரேடாரில் ஒரு மேகம்கூட இல்லை. மூடி டாய்லெட்டுக்குப் போகலாமே என்று எழுந்து போனார்.

சற்று நேரத்தில் காக்பிட்டிலிருந்து அவசர அழைப்பு. ஓடிவந்து பார்த்தால், முன்கண்ணாடி முழுக்க நீலமும் வெள்ளையுமாக நெருப்புப் பொறிகள் நடனமாடுகின்றன! என்ஜின்களுக்குள் யாரோ விளக்கேற்றி வைத்த மாதிரி வெளிச்சம். பயணிகள் இருக்கும் பகுதியில் புகை, கந்தக நெடி. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

முதலில் நான்காம் எண் என்ஜின் நின்றது. ஒரு நிமிடத்துக்குள் இரண்டாவது. அடுத்த சில விநாடிகளில் மிச்சம் இருந்த இரண்டும்! இரைச்சலெல்லாம் அடங்கி, விமானத்துக்குள் ஒரு பயங்கர நிசப்தம்.

துணை விமானி ரோஜர் கிரீவ்ஸ் ரேடியோவில் 'நான்கு என்ஜின்களும் போச்சு!' என்று அபாயச் செய்தி கொடுத்தார். ஜகார்த்தாவில் இருந்தவர்களுக்கு அது காதில் சரியாக ஏறவில்லை. 'நான்காம் எண் என்ஜின் போச்சு' என்று புரிந்துகொண்டார்கள். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. நான்கும் நிற்கும் என்று யார் நினைப்பார்கள்? பக்கத்தில் பறந்த கருடா விமானம் ஒன்று குறுக்கிட்டு விஷயத்தை விளக்கவேண்டியிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். என்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி தொப்பென்று விழாது. பருந்து சிறகடிக்காமல் மிதந்து வருமே, அப்படி வரும். இந்த ஜம்போ ஒரு கிலோமீட்டர் கீழே இறங்குவதற்குள் 15 கிலோமீட்டர் முன்னே போகும். அந்த உயரத்திலிருந்து கடல் மட்டத்தைத் தொட 23 நிமிடம் ஆகும். அதாவது, மூடியின் கையில் இருந்த மொத்தச் சொத்து 23 நிமிடம்!

அதற்குள் கேப்டன் பயணிகளிடம் பேசவேண்டாமா? மைக்கை எடுத்தார். விமான சரித்திரத்தில் இப்படி ஓர் அறிவிப்பு அதற்கு முன் வந்திருக்காது: "ஒரு சின்னப் பிரச்னை. நான்கு என்ஜின்களும் நின்றுவிட்டன. அவற்றை மறுபடி ஓட வைக்க எங்களால் ஆன அத்தனையும் செய்துகொண்டிருக்கிறோம். உங்களுக்கு அதிகம் சிரமம் இல்லை என்று நம்புகிறேன்."

சின்னப் பிரச்னையாம்!

உள்ளே சிலர் அழுதார்கள், சிலர் கும்பிட்டார்கள். ஒருவர் டிக்கெட் உறையின் மேல் வீட்டுக்கு நாலு வரி எழுதிவைத்தார், 'விமானம் விழுந்துகொண்டிருக்கிறது, மன்னித்துவிடு' என்று.

காக்பிட்டில் வேறொரு சோதனை. என்ஜின் இல்லையென்றால் உள்ளே காற்றழுத்தமும் இல்லை. எல்லோரும் ஆக்ஸிஜன் மாஸ்க்கை எடுத்தார்கள். கிரீவ்ஸின் மாஸ்க் கையோடு கழன்று வந்துவிட்டது! இப்போது மூடி என்ன செய்வார்? உயரம்தான் அவருடைய ஒரே சேமிப்பு. அதைச் செலவழித்துச் சடாரென்று கீழே இறங்கினால் நண்பர் மூச்சு விடலாம், ஆனால் நேரம் குறையும். அவர் யோசிக்கவில்லை. நிமிடத்துக்கு 6,000 அடி வீதம் இறக்கினார். கிரீவ்ஸ் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டார்.

அடுத்த சிக்கல், ஜாவாவின் மலைகள். அவற்றைத் தாண்டி ஜகார்த்தா போக 11,500 அடி உயரமாவது வேண்டும். மூடி கணக்குப் போட்டார். 12,000 அடிக்கு வருவதற்குள் என்ஜின் ஓடவில்லையென்றால், கடலுக்குத் திரும்பி, இருட்டில், அலைகள் மேல் இறக்குவது. அதுவரை எவரும் ஒரு ஜம்போவைக் கடலில் இறக்கிப் பார்த்ததில்லை!

மூவரும் - ஃப்ளைட் என்ஜினீயர் பாரி டவுன்லி-ஃப்ரீமனையும் சேர்த்து - என்ஜினைக் கிளப்பும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். வரவில்லை. மறுபடி. வரவில்லை. மறுபடி...

13,500 அடியில் நான்காம் எண் என்ஜின் உறுமியது! கடைசியாகச் செத்தது முதலில் பிழைக்கும் என்பார்கள். இங்கே முதலில் செத்ததே முதலில் பிழைத்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்ற மூன்றும். அதில் ஒன்று மறுபடி தகராறு செய்ததால் நிறுத்திவிட்டார்கள்.

அதோடு விட்டதா விதி? ஜகார்த்தா ரன்வே நெருங்கும்போது முன்கண்ணாடி வழியே ஒன்றுமே தெரியவில்லை. உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி கண்ணாடி மங்கிக் கிடந்தது. ஓரத்தில் தப்பித்திருந்த சின்னக் கீற்று வழியாகப் பார்த்துப் பார்த்து மூடி விமானத்தைத் தரையிறக்கினார். 263 பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

என்னதான் நடந்தது? அந்த இரவு, ஜகார்த்தாவுக்குத் தென்கிழக்கே சுமார் 180 கிலோமீட்டர் தள்ளியிருந்த கலுங்குங் எரிமலை சாம்பலைக் கக்கிக்கொண்டிருந்தது. இது நம் அடுப்புச் சாம்பல் போல மிருதுவான சமாச்சாரம் இல்லை. பொடிந்த பாறை, கண்ணாடித் துகள். மழை மேகத்தில் இருக்கும் ஈரத்தைத்தான் ரேடார் பார்க்கும். காய்ந்த சாம்பல் அதன் கண்ணில் படவில்லை. சாம்பல் என்ஜினுக்குள் போய், அந்தச் சூட்டில் உருகி, ஒட்டிக்கொண்டு மூச்சை அடைத்தது. என்ஜின் நின்று, குளிர்ந்து, சாம்பல் இல்லாத காற்றுக்கு வந்ததும் அதில் போதுமான அளவு உடைந்து உதிர்ந்தது. அதனால்தான் மறுபடி ஓடியது!

மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதே எரிமலையிடம் ஒரு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஜம்போவும் மாட்டிக்கொண்டு தப்பியது. 1989 டிசம்பரில் அலாஸ்காவில் கே.எல்.எம். விமானம் ஒன்றின் நான்கு என்ஜின்களும் இதே போல் நின்று, மறுபடி ஓடின. அதற்குப் பிறகு உலகைப் பங்குபோட்டுக்கொண்டு எரிமலைச் சாம்பலைக் கண்காணித்து விமானங்களை எச்சரிக்க ஒன்பது மையங்கள் அமைக்கப்பட்டன. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை ஒன்று புகைந்தபோது ஐரோப்பிய வானத்தையே கிட்டத்தட்ட ஒரு வாரம் மூடினார்கள். சுமார் ஒரு லட்சம் விமானப் பயணங்கள் ரத்து. விமான நிலையங்களில் படுத்துக்கிடந்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஜாவா இரவைப் பற்றித் தெரிந்திருக்கும்?

விமானப் பாதுகாப்பு இப்படித்தான் வளர்ந்தது. முன்னே போனவர்களின் பயத்திலிருந்து, சில சமயம் அவர்களுடைய உயிரிலிருந்து. 1954-ல் பிரிட்டனின் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு அடுத்தடுத்து நடுவானில் சிதறின. ஒரு காமெட்டைத் தொட்டிக்குள் வைத்து, தண்ணீரால் அழுத்தம் கொடுத்துக் கொடுத்து, எங்கே விரிசல் விடுகிறது என்று பார்த்தார்கள். உலோகமும் களைத்துப்போகும் என்று அந்தத் தொட்டிதான் விமான உலகுக்கு உறைக்கிற மாதிரி சொன்னது. 1995-ல் போயிங் 777-ன் இறக்கையை வேண்டுமென்றே வளைத்தார்கள். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சப் பாரத்தைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்கவேண்டும் என்பது விதி. 154 சதவிகிதத்தில்தான் அது உடைந்தது. அடுத்த தடவை விமானம் குலுங்கி, ஜன்னல் வழியே இறக்கை மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். ஆடவேண்டும் என்றுதான் அதைக் கட்டியிருக்கிறார்கள்! சீட் பெல்ட்டை மட்டும் இறுக்கிக்கொள்ளுங்கள்.

உங்களுக்காக முன்கூட்டியே பயந்து, அந்தப் பயத்தை விதிகளாக எழுதி, மனப்பாடம் செய்த யாரோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். மூடியும் அன்று பயந்துதான் இருப்பார். ஆனால் கை செய்யவேண்டியதைச் செய்துகொண்டே இருந்தது. அவர் 2024-ல், 82 வயதில், காலமானார்.

அந்த விமானத்தில் வந்தவர்கள் பிறகு 'கலுங்குங் கிளைடிங் கிளப்' என்று ஒரு சங்கமே வைத்துக்கொண்டார்கள். பெட்டி டூட்டெல் என்ற பயணி, கூட வந்தவர்களைத் தேடித் தேடிப் பிடித்துப் பேசி ஒரு புத்தகம் எழுதினார். அன்று இரவு அவருக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவரைப் பிற்பாடு கல்யாணமும் செய்துகொண்டார்!