பதவி போன பின்

ஓய்வு பெறும் வயது இயற்கை வகுத்ததன்று, வரலாறு வகுத்தது. உழவரும் நெசவாளரும் உடல் தளரத் தளர வேலையைக் குறைத்துக்கொண்டனரேயன்றி, ஒரே நாளில் தொழிலைத் துறந்தாரல்லர். 1889-இல் ஜெர்மனியில் இயற்றப்பட்ட சட்டம், 70 வயதை எட்டிய தொழிலாளர்க்கு ஓய்வூதியம் வழங்கியது. 1916-இல் அவ்வயது 65 ஆயிற்று.

அச்சட்டத்தைக் கொணர்ந்த பிஸ்மார்க்குக்கு அப்போது வயது 74. தாம் பதவி விலக அவர் எண்ணவில்லை. மறு ஆண்டே இளம் பேரரசர் இரண்டாம் வில்லியம் அவரை விலகச் செய்தார். 1898-இல் மறையும்வரை, தமக்குப்பின் வந்தோரைக் குறைகூறியும் தம் நினைவுகளை எழுதியும் காலங்கழித்தார். பிறர் முதுமைக்கு வழி செய்தவர், தம் முதுமைக்கு ஆயத்தமாயிருக்கவில்லை.

திருச்சபையில் ஆயர்கள் 75 வயதில் பணி விலக முன்வருமாறு 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் கேட்டுக்கொண்டார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டோ, 2013-இல் தம் 85ஆம் வயதில் தாமே பணி துறந்தார்.

நம்மிடையேயும் 'ஆசிரியர்', 'அலுவலர்' என்னும் பெயர்கள் ஒரு மாலைப்பொழுதில், பொன்னாடையோடும் பாராட்டுரையோடும் கழன்றுவிடுகின்றன. மறுநாள் காலையில் நாம் யார்? பதவிக்கு முன்பே நாம் ஒருவர்க்கு மகனாய், மகளாய், அயலாராய் இருந்தோம். அவ்வுறவுகளை நடுவயதிலேயே பேணாதார்க்கு ஓய்வூதியம் உணவு தரும், பெயர் தராது.