எல்லையும் இதழும்: உழவர்கரைக் கொம்யூனும் குழந்தை மணமும்

குழந்தைகளைக் காத்தற்கண் இதழ்கள் ஆற்றிய பணியை ஆராய்வார் சென்னையையும் பம்பாயையுமே பெரிதும் நோக்குவர். உழவர்கரையினின்று நோக்குங்கால் அவ்வரலாறு வேறு வடிவிற் புலப்படுகின்றது. இவ்வூர் 1880 முதல் பிரெஞ்சிந்தியக் கொம்யூன்களுள் ஒன்று. ஆங்கிலேயரின் தென்னார்க்காட்டு ஊர்களோடு விரவிக் கிடந்த நிலப்பகுதியைச் சேர்ந்தது.

1884-இல் மலபாரி குழந்தை மணம் பற்றிய குறிப்புகளை வெளியிட்டார். மறு ஆண்டில், சிறுமியாய் இருந்தபோதே மணம் செய்விக்கப்பெற்ற ருக்மாபாய், தம் பெயரை மறைத்து 'டைம்ஸ் ஆப் இந்தியா'வுக்கு எழுதினார். 'சுதேசமித்திர'னை 1882-இல் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயரோ, இளமையிலேயே கைம்மையுற்ற தம் மகளுக்கு 1889-இல் மறுமணம் செய்வித்தார். பாரதியாரின் முற்றுப்பெறாத 'சந்திரிகையின் கதை'யில் இளங்கைம்பெண் விசாலாட்சி துணை நாடிச் செல்வதும் இவ்வையரிடமே. ஓர் இதழாசிரியர் இல்லம் அடைக்கலமாகக் கருதப்பட்டமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? இல்லத்துள் அடங்கிய துயரை இதழ்கள் பொதுவழக்காக்கின. சட்டம் அதன்பின் மெல்ல வந்தது. 1929-இன் சாரதா சட்டம் மணப்பருவத்தைப் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என வரையறுத்தது.

அச்சட்டத்தின் ஆணை கோரிமேட்டெல்லையோடு நின்றது. பிரெஞ்சு அரசு, அவரவர் சாதி வழக்கங்களைக் காப்பதாக 1819-இலேயே உறுதி கூறியிருந்தது. 1881-ஆம் ஆண்டு ஆணைவழித் தம் தனிமுறை வழக்கைத் துறந்த ரெனோன்சான்களுக்குப் பிரெஞ்சுக் குடியியற் சட்டம் பொருந்தியது. அதன்படி பெண்ணுக்கு 15 நிரம்ப வேண்டும். ஆகவே ஒரே தெருவில் ஒரு சிறுமிக்குக் காப்பு இருந்தது. அடுத்த வீட்டுச் சிறுமிக்கு இல்லை. சாரதா சட்டத்துக்கு அஞ்சிய ஆங்கில எல்லையினர் சிலர் புதுவைப் பகுதிக்கு வந்து மணம் முடித்துச் சென்றமையும் அறியத்தக்கது.

இவ்வெல்லையே முன்னர்ப் பாரதியாரின் 'இந்தியா' இதழுக்குப் புகலிடம் தந்தது. 1908-இல் புதுவைக்குப் பெயர்ந்த அவ்விதழ், ஆங்கில அரசு தன் நாட்டுள் அதன் வரவைத் தடுத்தமையால் 1910-இல் நின்றது. இதழைத் தடுக்க முனைந்த அரசுக்குத் தாலியைத் தடுக்கும் வலிமை எல்லைக்கு அப்பால் இல்லை. எழுத்துரிமைக்கு நிழலான இடமே குழந்தை மணத்துக்கும் மறைவிடமாயிற்று என யாம் கருதுகின்றோம். புதுவையை விடுதலைப் புகலிடமாக மட்டும் போற்றுவார் இப்பகுதியைப் பேசுவதில்லை.

1962-இல் புதுவை சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. 1968-இல் குழந்தை மணத் தடைச் சட்டம் இங்கு விரிக்கப்பட்டபோது ரெனோன்சான்கள் விலக்கப்பட்டனர். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவ்விலக்கு இடம்பெற்றுள்ளது. 1881-இல் கூடுதற் காப்பினைப் பெற்ற குடியினரே இவ்வாறு பொதுச் சட்டத்துக்குப் புறம்பானமை, புதுவை இதழ்களின் பழந்தொகுதிகளைக் கொண்டு விரிவாக ஆராய்தற்குரியது.