அமிர்தசரஸ் கூடாரங்கள்

நம் ஊரில் ஆஸ்பத்திரியில் ஒருவரைச் சேர்த்தால் துணைக்கு ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுப்பதும், பிளாஸ்க்கில் காபி வாங்கி வருவதும், மாத்திரை நேரத்தை நினைவில் வைப்பதும் அந்த ஆள்தான். மனநோய் மருத்துவமனைக்குள் மட்டும் இந்தத் துணையாளுக்கு நெடுங்காலம் இடமில்லை. உயர்ந்த மதில், பூட்டிய வார்டு, 1912ஆம் ஆண்டின் சட்டப்படி மாஜிஸ்திரேட் உத்தரவு. உறவுகள் வாசலோடு திரும்பிவிடுவார்கள், பலர் பிறகு வருவதே இல்லை.

அந்த வாசலைக் குடும்பத்துக்குத் திறந்துவிட்டவர் டாக்டர் வித்யா சாகர். 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளர்.

நாடு அப்போது இருந்த நிலையைச் சொன்னால்தான் அவர் செய்ததன் அருமை புரியும். நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த ஜோசப் போர் குழு 1946இல் தந்த அறிக்கைப்படி, இங்கிலாந்தில் சுமார் 300 பேருக்கு ஒரு மனநலப் படுக்கை இருந்தது. இந்தியாவில் ஏறக்குறைய 40,000 பேருக்கு ஒன்று. அடுத்த ஆண்டே பிரிவினை. லாகூர் மனநோய் மருத்துவமனையில் இருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் 1950இல் எல்லை தாண்டி அமிர்தசரஸுக்கு அனுப்பப்பட்டார்கள். இங்கிருந்த முஸ்லிம் நோயாளிகள் அந்தப் பக்கம் போனார்கள். உருது எழுத்தாளர் மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' கதையைப் படித்தவர்களுக்கு இந்தப் பரிமாற்றம் தெரிந்திருக்கும். அது கற்பனை மட்டும் அல்ல. தங்கள் வீட்டார் எந்த முகாமில் இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாதவர்களும் வந்து சேர்ந்த இடம் அது.

இடமும் போதவில்லை, ஆளும் போதவில்லை. வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே கூடாரங்கள் அடித்தார். நோயாளியோடு அவர் குடும்பத்தையும் அங்கே தங்கச் சொன்னார். தாயும் மனைவியும் அண்ணனும் பக்கத்திலேயே இருந்து குளிப்பாட்டினார்கள், ஊட்டினார்கள், இரவில் விழித்திருந்தார்கள். அந்தக் குடும்பங்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசுவதையும் அவர் சிகிச்சையின் பகுதியாகவே வைத்திருந்தார். நோய் என்பது என்ன, ஏன் இப்படி நடந்துகொள்கிறார், வீட்டுக்குப் போனபின் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் அவர்களுக்குப் பழகிய கதைகளின் வழியே, அவர்கள் மொழியிலேயே.

விளைவு பெரியது. மனநோய் என்றால் ஆயுள் முழுக்க அடைத்துவைக்க வேண்டியது என்ற நம்பிக்கை, குணமாவதைக் கண்ணால் பார்த்த குடும்பங்களிடம் உடைந்தது. அவர்களே ஊருக்குத் திரும்பி மற்றவர்களை அழைத்து வந்தார்கள். இதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. ஒருவரை ஆண்டுக்கணக்கில் உள்ளே வைத்துவிட்டால், வீட்டில் அவர் இடம் மூடிவிடும். நிலம் பாகம் பிரிந்துவிடும், மனைவி பிறந்தகம் போயிருப்பாள், அவர் படுத்திருந்த திண்ணையில் வேறு யாரோ படுப்பார்கள். குணமானாலும் போவதற்கு வீடு இராது. கூடாரத்தில் உறவு கூடவே இருந்தபோது அந்த இடம் மூடவில்லை.

பணமில்லாததால் பிறந்த ஏற்பாடுதான் இது. ஆனால் வசதி படைத்த நாடுகளின் பெரிய மருத்துவமனைகள் அன்று குடும்பத்தை வெளியே நிறுத்திக்கொண்டிருந்தன என்பதை மறக்கக் கூடாது.

குடும்பத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும் இந்த எண்ணம் தமிழ்நாட்டுக்கும் சீக்கிரமே வந்தது. வேலூர் சி.எம்.சி. 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு உறவினர் தங்குவதையே சிகிச்சை முறையாக்கினார்கள். பின்னர் சிகிச்சையே வீட்டுக்குப் பக்கத்தில் வந்தது: பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 1970களில் சக்கல்வாரா கிராமத்திலும், 1980களில் பெல்லாரி மாவட்டத்திலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாகவே மனநல சிகிச்சை தர முடியும் என்று காட்டியது. அந்த அனுபவத்தில் உருவான மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றில் ஒன்று திருச்சி.

வித்யா சாகர் தன் வேலையைப் பற்றி எழுதிவைத்தது மிகக் குறைவு. அதனால்தானோ என்னவோ, குடும்பப் பங்கேற்பைப் பாராட்டும் பலருக்கு அவர் பெயர் தெரியவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கூடாரத்துக் குடும்பத்தின் பக்கத்தில் ஒரு மருத்துவர் இருந்தார். அந்தத் துணை கிடைக்காத குடும்பங்கள் என்ன செய்யும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி காட்டியது. அங்கே ஒரு தனியார் மனநோயாளர் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். அன்பில்லாததால் மட்டும் அவர்கள் அங்கே விடப்படவில்லை. விட்டுச்சென்றவர்களில் போக வேறு இடம் தெரியாத குடும்பங்களும் இருந்தன.

இன்று வீடுகள் சுருங்கிவிட்டன. துணைக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பெண், அவளும் கூலி வேலையை விட்டுவிட்டு. அவளுக்கு உதவித்தொகையும், சில நாள் ஓய்வும், வீடு தேடி வரும் பணியாளரும், மாத்திரை தீராமல் கிடைக்கும் பக்கத்து மருத்துவமனையும் வேண்டும். இவற்றைக் கொடுக்காமல் 'குடும்பம்தான் நம் பலம்' என்று சொல்வது, அரசு தன் சுமையை அவள் தலையில் ஏற்றுவதுதான்.