கீழாநெல்லியும் கல்லீரல் அழற்சி வைரசும்: ஓர் ஆய்வு வரலாற்றில் தாவரப் பெயரின் இடம்

காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழ் மருத்துவ மரபில் ஐயமின்றி நிலைபெற்ற வழக்கு. ஆயின் காமாலை என்பது ஒரு குறி. அதனைத் தோற்றுவிக்கும் காரணங்களோ பல. பித்தநாள அடைப்பும் கண்ணை மஞ்சளாக்கும். எனவே, இம்மூலிகை ஒரு குறிப்பிட்ட வைரசை ஒடுக்குமா என்னும் வினா, பாரூக் புளூம்பெர்க் 1960களில் கல்லீரல் அழற்சி-பி வைரசின் மேற்பரப்பு ஆன்டிஜெனைக் கண்டறிந்த பின்னரே எழ முடிந்தது. அக்கண்டுபிடிப்பிற்காக அவர் 1976இல் நோபல் பரிசு பெற்றார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் எசு.பி. தியாகராசன் குழுவினர் கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி ஆகியவற்றின் சாறுகள் இவ்வான்டிஜெனைச் சோதனைக்குழாயில் செயலிழக்கச் செய்வதை 1982இல் வெளியிட்டனர். புளூம்பெர்க் பங்கேற்ற 1987ஆம் ஆண்டு ஆய்வு, நீர்ச்சாறு வைரசின் டி.என்.ஏ. பாலிமரேசு நொதியைத் தடுப்பதைக் காட்டியது. மனித வைரசுக்கு நெருங்கிய வைரசைத் தாங்கும் வுட்சக் என்னும் வட அமெரிக்கக் கொறிவிலங்கிலும் சாறு சோதிக்கப்பட்டது. அண்மையில் தொற்றிய நான்கு விலங்குகளில் மூன்றில் வைரசுக் குறிகள் மறைந்தன.

1988இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த சென்னை ஆய்வே பெரும் பரபரப்பை உண்டாக்கியது. முப்பது நாள் மருந்துண்ட 37 பேரில் 22 பேர் (59 விழுக்காடு) ஆன்டிஜெனை இழந்திருந்தனர். வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவர் மட்டுமே. நாட்பட்ட தொற்றாளர்களில் ஆண்டிற்கு ஓரிரு விழுக்காட்டினரே இயல்பாக அதனை இழப்பர் என்பதை நோக்க, இம்முடிவு மறுசோதனையை வேண்டி நின்றது. ஆய்வாளர்களும் இதனை முதற்கட்ட ஆய்வு என்றே குறித்தனர். 1990இல் தாய்லாந்தில் நடந்த சோதனையோ தோல்வியைப் பதிவு செய்தது.

இம்முரணை ஆராய்கையில் பெயரைக் கவனிக்க வேண்டும். 1987ஆம் ஆண்டுக் கட்டுரை 'ஃபில்லாந்தசு நிரூரி' என்கிறது; 1988ஆம் ஆண்டுக் கட்டுரை 'ஃபில்லாந்தசு அமாரசு' என்கிறது. உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்திற்குரியது. இந்தியாவில் அப்பெயரால் வழங்கப்பட்டவை அமாரசு, பிரட்டெர்னசு, டெபிலிசு என்னும் மூன்று சிற்றினங்களின் கலவை என்பது 1985இல்தான் தெளிவாக்கப்பட்டது. அமாரசின் பூவில் ஐந்து இதழ்கள்; பிரட்டெர்னசில் ஆறு. உலர்ந்து பொடியான சரக்கில் இவ்வேறுபாட்டை எங்ஙனம் காண்பது? எனினும் தாய்லாந்துச் சோதனையும் அமாரசு என்னும் பெயரிலேயே நடந்தமையால், சிற்றினக் குழப்பம் மட்டுமே முரணுக்குக் காரணம் என்று முடிவுகட்ட இயலாது. விளைந்த மண், பறித்த பருவம், சாறெடுத்த முறை ஆகியவையும் கணக்கில் கொள்ளத்தக்கவை.

பின்னாளில் ஆய்வுகள் ஆக்சிசனேற்ற எதிர்ப்புத் திறனை நோக்கிப் பெருகின. டி.பி.பி.எச். கரைசலின் ஊதா நிறம் மங்குவதை அளப்பது எளிது, செலவும் குறைவு. கீழாநெல்லியின் செரானீன், கோரிலாசின் போன்ற டானின்கள் அந்நிறத்தை மங்கச் செய்வதில் வியப்பில்லை. ஆனால் குடுவையில் தனியுறுப்புகளை அடக்குவதும் தொற்றாளரின் குருதியிலிருந்து வைரசை அகற்றுவதும் வெவ்வேறு செயல்கள். முன்னதைப் பின்னதற்குச் சான்றாக்கும் கட்டுரைகள் இன்றும் குறையவில்லை.

2011ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வு, வெற்று மருந்தை விடக் கீழாநெல்லி இனங்கள் பயனளிப்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என்றது. வைரசு எதிர்ப்பு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கையில் சில குறிகள் மேம்படக்கூடும் என்றும், அச்சோதனைகளின் தரம் ஐயத்திற்குரியது என்றும் அது குறித்தது. அம்மதிப்பாய்வின் தலைப்பிலும் ஒரு சிற்றினத்தின் பெயர் இல்லை. பேரினத்தின் பெயரே உள்ளது.