மரமரப்பின் சொல்வழக்கும் நோய்நிதானமும்

உள்ளங்காலில் எறும்பு ஊர்கிறது என்றும், பாதம் காந்துகிறது என்றும், தரையில் கால் வைத்தால் பஞ்சின்மேல் வைத்தாற்போல் இருக்கிறது என்றும், நடுநிசியில் கை மரத்துப்போய் உதறி உதறித்தான் உயிர் வருகிறது என்றும் நால்வர் வந்து நான்கு விதமாய்ச் சொல்ல, அவை குறிப்பேட்டில் ஏறும்பொழுது 'வலி, மரமரப்பு' என்ற இரண்டே சொற்களாய்ச் சுருங்கிப்போவதை நம் வெளிநோயாளர் பிரிவுகளில் நாள்தோறும் காணலாம். அவ்வாறு சுருங்கும்பொழுதே, நோய் இன்னதென்று துணிவதற்கான சாட்சியத்தில் பாதி தொலைந்துவிடுகிறது. காரணம் எளிதில் புலப்படாத நரம்பு நோய்களில், நோயாளி தம் உணர்வைக் குறிக்க ஆளும் சொல் பிரமாணமாகக் கொள்ளத்தக்கது என்பதும், அவர் தம் உறுப்பைக் குறிக்க ஆளும் சொல் அங்ஙனம் கொள்ளத்தக்கதன்று என்பதும், இவ்விரண்டையும் வேறு பிரித்து அறியாமையே பலர் ஆண்டுக்கணக்கில் மருத்துவர் வாசல்தோறும் அலைவதற்கு ஒரு முக்கிய ஹேது என்பதும் இக்கட்டுரையின் கோட்பாடு.

ஸ்பரிசத்தைத் தாங்கிச் செல்லும் நரம்பிழைகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. மயலின் என்னும் கொழுப்புறை போர்த்த பருமனான இழைகள் அதிர்வையும், மூட்டுகள் எந்நிலையில் இருக்கின்றன என்ற அறிவையும் நொடிக்கு 50 மீட்டரும் அதற்கு மேலுமான வேகத்தில் கொண்டு செல்ல, உறையற்ற மெல்லிழைகள் வெம்மையையும் எரிவலியையும் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் என்ற நிதானத்தில் சுமந்து போகின்றன. ஒற்றை இழைகளின் தொழில் வேறுபாட்டைக் கண்டறிந்தமைக்காக எர்லாங்கர், காஸர் என்ற இருவருக்கு 1944-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் அவ்வேறுபாட்டை நம் பாட்டிமார்களின் பேச்சு தன் போக்கில் முன்னமே உணர்ந்திருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. 'காந்தல்', 'எரிச்சல்', 'சுருக்கென்று தைத்தல்' ஆகியவை பெரும்பாலும் மெல்லிழைகளின் கேட்டைச் சுட்டுவன. 'பஞ்சின்மேல் நடத்தல்', 'செருப்புக் கழன்றது தெரியாமை' ஆகியவை பருத்த இழைகளின் கேட்டையோ, முதுகுத்தண்டின் பின்புறத் தடங்களின் கேட்டையோ சுட்டுவன. முகம் கழுவக் கண்ணை மூடியவுடன் தள்ளாடுகிறது என்று ஒருவர் சொல்வாரேயானால், அவர் பி12 என்னும் வைட்டமினின் குறைவை அறிவிக்கிறாரோ என்று ஐயுற வேண்டும்; அவர் புலால் உண்ணாதவராகவோ, நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் உண்பவராகவோ இருப்பின் அவ்வையம் பின்னும் வலுக்கும். கையை உதறினால் தணியும் இரவு மரமரப்பில் சுண்டுவிரல் மட்டும் தப்பியிருக்குமாயின், மணிக்கட்டின் குறுகிய வழியில் நடு நரம்பு நெரிபடுகிறது என்று எந்தக் கருவியுமின்றியே பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

இவ்வகைக் கேள்வியறிவு மருத்துவ சரித்திரத்தில் பெரும்பயன் விளைத்திருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட சிப்பாய்களை ஃபிலடெல்ஃபியா நகரில் பராமரித்த வியர் மிட்செல், காயம் ஆறிய பின்னும் அவர்கள் கை எரிகிறது எரிகிறது என்று அரற்றி, ஈரத்துணியைச் சுற்றியபடியே இருந்ததையும், சிலர் காலணிக்குள்ளும் நீரை ஊற்றிக்கொண்டதையும் கோழைத்தனம் என்று தள்ளிவிடாமல் எழுதிவைத்தார். தம் தோழர் இருவரோடு 1864-இல் அவர் வெளியிட்ட நூலும், வெம்மை, வலி என்ற பொருளுடைய கிரேக்கச் சொற்களைப் புணர்த்து அவர் இந்நோய்க்கு இட்ட 'காஸால்ஜியா' என்ற பெயரும் அந்தப் பொறுமையின் விளைவுகள். நமக்கு அணுக்கமான சான்றும் உண்டு. சேலத்தில் பிறந்தவரும் பின்னாளில் இந்திய உணவு விஞ்ஞானத்தின் தலைமகனாய் விளங்கியவருமான சி. கோபாலன், ஏழை மக்களிடம் கண்ட பாத எரிச்சலைத் தனியொரு நோய்க்குறித் தொகுதியாக ஆராய்ந்து, பான்டோதெனிக் அமிலத்தைக் கொடுத்துப் பெற்ற பலனை 1946-இல் வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரின் சிறை முகாம்களில் அரைவயிற்று உணவோடு கிடந்தவர்களும் இதே எரிச்சலால் இரவெல்லாம் உறக்கமின்றித் தவித்தார்கள். அங்கும் இங்கும் நோயாளியின் சொல்லே நோயின் பெயராய் நின்றது.

இதற்கு ஒரு மறுப்பு எழும். சொல் அகவயமானது, கருவி புறவயமானது, ஆகவே கருவியையே நம்புவோம் என்பார்கள். நரம்புக் கடத்தல் சோதனையின் மதிப்பை யான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மின்னூக்கம் கொடுத்து அது அளப்பது பருத்த இழைகளின் ஓட்டத்தை மட்டுமே. மெல்லிழைகள் மாத்திரம் நலிந்த ஒருவர், போர்வை பட்டாலே துடிக்கும் பாதத்தோடு அச்சோதனைக்குச் சென்று, 'யாவும் இயல்பு' என்ற தாளோடு திரும்புவது முற்றிலும் நிகழக்கூடியது. கணுக்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள தோல் துண்டை எடுத்து, மேற்றோலில் எஞ்சியுள்ள நரம்பு நுனிகளை உருப்பெருக்கியில் எண்ணினாலன்றி அவருடைய நோய் பிரத்தியட்சமாவதில்லை. அது செய்யப்படாமலே 'மனப்பிரமை' என்ற முடிவோடு அனுப்பப்பட்டவர்களின் துயரம் என் நெஞ்சை உறுத்துகிறது. வலியோடு வந்தவர் பொய்யர் என்ற பழியையும் சுமந்து வீடு திரும்புவது எந்தச் சாஸ்திரத்தின் பெயராலும் நியாயமாகாது.

இனி, உறுப்புச் சொல்லின் நிலை. 'நரம்பு' என்று தமிழன் சொல்லும்பொழுது அவன் எதைச் சொல்கிறான்? யாழின் தந்தியும் நரம்பு. இலையில் ஓடும் கோடும் நரம்பு. புறங்கையில் நீலமாய்ப் புடைத்துத் தெரியும் இரத்த நாளமும் நரம்பு. குதிகாலின் பின்னே விறைத்து நிற்கும் தசைநாணும் நரம்பு. கெண்டைக்காலில் இரத்த நாளங்கள் வீங்கி நெளிவதை 'நரம்புச் சுருட்டல்' என்றே உலகம் வழங்குகிறது. 'நரம்பு இழுக்கிறது' என்றவர் தசைப்பிடிப்பால் வருந்துபவராய் இருக்கலாம். 'நரம்புத் தளர்ச்சி' என்ற தொடரோ கை நடுக்கம் முதல் மனச்சோர்வு வரை அனைத்தையும் தன்னுள் அடக்கி, விளம்பர வியாபாரிகளுக்கு நல்ல முதலாகவும் ஆகியிருக்கிறது. ஆகவே, காந்துகிறது என்பவரை நம்பலாம். நரம்பு காந்துகிறது என்பவரிடம், எங்கே, எந்த விரலில், எந்த வேளையில் என்று கேட்டாக வேண்டும். 'கை மரத்துப்போயிற்று' என்பதிலும், ஸ்பரிசம் இல்லை என்பாரும், கையைத் தூக்க இயலவில்லை என்பாரும் உளர். அச்சொல்லின் வேரிலேயே மரம் இருக்கிறது. உணராமை, அசையாமை இரண்டும் மரத்தின் லட்சணங்கள்தாமே!

மெல்ஸாக் என்பார் 1975-இல் 78 சொற்களை 20 தொகுதிகளாக்கி வலியை வினவும் வினாநிரலொன்றை ஆங்கிலத்தில் அமைத்தார். அதைத் தமிழாக்குவதால் நம் தேவை நிறைவுறாது என்பதே என் அபிப்பிராயம். குடைச்சலுக்கும் உளைச்சலுக்கும், கடுப்புக்கும் கடுகடுப்புக்கும், மதமதப்புக்கும் விறுவிறுப்புக்கும் உள்ள நுண்ணிய பேதம் மொழிபெயர்ப்பில் பிறப்பதன்று. ஒவ்வொரு வட்டாரத்திலும் நோயாளிகள் வாயிலிருந்தே அச்சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் ஊசிமுனை, வெந்நீர், இசைக்கவை, 10 கிராம் நைலான் இழை ஆகியவற்றால் கண்ட முடிவையும் பதிந்துவைக்கும் ஓர் அகராதியே நமக்கு வேண்டுவது.

எனினும், சொல்லே பிறவாத ஒரு நோயின் முன் என் கோட்பாடும் தயங்கி நிற்கிறது. 1873-இல் நார்வே நாட்டு ஹான்ஸன் கண்ட தொழுநோய்க் கிருமி, உடலின் குளிர்ந்த இடங்களை நாடி, தோலுக்கு அணுக்கமான நரம்புகளில் குடியேறுகிறது. சிலரிடம் தோலில் ஒரு தேமலும் காட்டாமலே நரம்பை மட்டும் அழித்துக்கொண்டு போகிறது. தொழுநோயாளியின் விரல்கள் தேய்வதற்கு, வலியறியாத கை நாள்தோறும் படும் காயங்களே பெரிதும் காரணம் என்று வேலூரில் பணியாற்றிய பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். தேசிய அளவில் பத்தாயிரவருக்கு ஒருவர் என்ற எல்லைக்குக் கீழே இந்நோய் இறங்கிவிட்டதென 2005-ஆம் ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்ட பிறகு, இளம் மருத்துவர்களின் நினைவிலிருந்தும் அது இறங்கிக்கொண்டிருக்கிறதோ என அஞ்சுகிறேன். இங்கே நோயாளி முறையிடுவதற்கு வலி இல்லை. முழங்கையின் உட்புறத்து எலும்புக் குமிழுக்குப் பின்னே விரலை வைத்து, தடித்த நரம்பு உருள்கிறதா என்று தடவிப் பார்க்கும் மருத்துவரின் கையே பேச வேண்டும். அடுப்பிலிருந்து பானையை இறக்கிய பெண்ணின் உள்ளங்கையில் கொப்புளத்தைக் கண்டால், வலிக்கிறதா என்று வினவுவதில் பயனில்லை. சுட்டது எப்படித் தெரிந்தது என்று வினவ வேண்டும். தோல் தீய்ந்த நாற்றத்தால் தெரிந்தது என்று அவள் சொல்லக்கூடும்.